பழைய சோலர் பனல் 12ஐயும் குடுக்கப் போன கதை: அஞ்சுக்கு மூண்டரை

முதல்லயே மார்க்கைச் சொல்லிப்போட்டுத் தொடங்குறன், அஞ்சுக்கு மூண்டரை. அதில மூண்டு பழைய பனல் எடுத்த அந்தக் கடை அண்ணையின்ர நேர்மைக்கு, அரை அவர் தந்த பிளேன்ரீக்கு. கடைப் பேரை நான் போடேல்ல. நல்லதா எழுதினா "எவ்வளவு வாங்கினனி" எண்டு கேக்க ஆக்கள் இருக்கினம், குறையா எழுதினா கடைக்காரர் கோல் எடுப்பார், இதில ரெண்டும் கலந்து கிடக்கு, ரெண்டு பக்கத்தாலயும் ஏச்சு வாங்க என்னால ஏலாது.

எங்கட வீடு வலிகாமப் பக்கம். 2013இல தான் யாழ்ப்பாணத்துக்கு லக்சபானாக் கரண்ட், அதான் நாடு முழுக்கப் போற மெயின் லைன் கரண்ட், வந்தது, அடுத்த வருசமே அப்பா பிடிவாதமா நிண்டு கூரையில 250 வாற் பனல் 12 போட்டவர், நெற் மீற்றரிங், அதாவது மிச்சக் கரண்டை லைனுக்குக் குடுத்துப் பில்லில கழிக்கிற முறை. தொண்ணூறுக்குப் பிறகு கரண்ட் இல்லாம சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோக் கேட்ட ஆள், கூரையில இருந்து கரண்ட் வருதெண்டா விடுவாரே. பத்து வருசத்துக்கு மேல ஒரு குறையும் இல்லாம ஓடினது, மாதம் மாதம் பில்லைப் பாத்துச் சிரிக்கிறதே அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. பிறகு ஒரு காத்து மழையில பக்கத்து வளவுத் தென்னை ஒரு குலையை அப்பிடியே கூரையில இறக்கினது, மூண்டு பனல் உடைஞ்சு போச்சு. அந்தக் கண்ணாடி சும்மா கண்ணாடி மாதிரி துண்டு துண்டா விழாது, முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வெடிச்சு அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிக்கும். ஏறிப் பாத்த நேரம் தான் வேற மூண்டின்ர பின்பக்கத்து வெள்ளைத் தாளும் மஞ்சளாகி வெடிச்சு, கை வைச்சா மாவாக் கொட்டுறதைக் கண்டனாங்கள். சரி எண்டு போட்டு எல்லாத்தையும் மாத்துவம் எண்டு முடிவெடுத்தாச்சு, 550 வாற் பனல் 6. பனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வேட்டரும் மாத்த வேண்டி வந்தது, புதுப் பனல் 13 அம்பியர் தள்ளுது, பழைய இன்வேட்டரால அதை வாங்கேலாதாம்.

புதுசு போட வந்த கொம்பனிப் பெடியள் நல்ல சுறுசுறுப்பு, வேலையில குறை சொல்லேலாது. ஆனா பின்னேரம் பாத்தா பழசு 12ஐயும் கிணத்தடிச் சுவரோட சாத்திப்போட்டுச் சாமானை வாகனத்தில ஏத்துறாங்கள். "தம்பி, இதுகளைக் கொண்டு போகேல்லையா" எண்டன். "அது எங்கட வேலை இல்லை அண்ணை, கொட்டேசனில பாருங்கோ." பாத்தன். கழுவித் தாறது இருக்கு, ரெண்டு வருசம் இலவசச் சேர்விஸ் இருக்கு, 25 வருச வொறண்டி கொட்டை எழுத்தில இருக்கு, கழட்டினதை என்ன செய்யிறது எண்டு ஒரு வரி இல்லை. பிழை என்னிலயும் இருக்கு, கையெழுத்து வைக்க முதல் கேட்டிருக்கோணும்.

அடுத்த மூண்டு கிழமையும் வீட்டில இதே கதை தான். அம்மா கிணத்தடிக்குப் போகேக்க எல்லாம் "எடேய், உந்தச் சனியனுகளை எங்கயாவது கொண்டு போய்த் துலை" எண்டுவா, ஆனா ஒரு நாள் பாத்தா அதுகளில நல்ல ஒண்டைக் கிடையாப் படுக்கப் போட்டு மேல துணி விரிச்சு மோர்மிளகாய் காயுது. கேட்டா "நல்லாச் சூடு பிடிக்குது தம்பி" எண்டுறா. விழுந்து விழுந்து சிரிச்சன், பிறகு தான் பயம் பிடிச்சது, ஏனெண்டா வெயில் பட்டா பனல் ஓயாம கரண்ட் தந்து கொண்டே இருக்கும், அதுக்கு ஓஃப் சுவிச் எண்டு ஒண்டு இல்லை. ஒரு பனல் முப்பத்தேழு வோல்ற், கையில பட்டா பெரிசா ஒண்டும் செய்யாது, ஆனா கூரையில 12ஐயும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத் தொடுத்தா 440 வோல்ற்றுக்கு மேல, அதுவும் டீசி, பிடிச்சா விடாது, வயரை வெட்டினா பொறி நிக்காம எரியும். ஆரும் தாங்களே ஏறிக் கழட்ட நினைச்சா தயவுசெய்து வேண்டாம், அப்பிடித்தான் கழட்டோணும் எண்டா முதல்ல ஐசொலேட்டரை (பனலில இருந்து இன்வேட்டருக்குப் போற லைனைப் பிரிக்கிற சுவிச்) ஓஃப் பண்ணி, பனலுக்கு மேல தடிச்ச சாக்கோ படங்கோ போட்டு மூடிப்போட்டுத் தொடுங்கோ. உடைஞ்ச பனல் செத்த பனல் எண்டு நினைக்காதேங்கோ, எங்கட உடைஞ்ச மூண்டிலயும் 36 வோல்ற் காட்டினது, உள்ளுக்கத் தண்ணி போனதெண்டா பிரேமே அடிக்கும்.

முதல்ல வந்தவர் பழைய இரும்பு எடுக்கிறவர், லாண்ட்மாஸ்ரர் எண்ட சின்ன உழவு மெசினோட. சுத்திச் சுத்திப் பாத்தார், தட்டிப் பாத்தார், "ஐயா, அலுமினியம் பிரேமைக் கழட்டித் தாங்கோ, கிலோ நானூறு, கண்ணாடி எனக்கு வேண்டாம்" எண்டார். கணக்குப் பாத்தா 12 பிரேமுக்கும் ஏழாயிரத்துச் சொச்சம் வரும், ஆனா பிரேமைக் கழட்டினா அந்தக் கண்ணாடியைப் பிடிச்சு நிக்கிற ஒண்டும் இல்லை, உடைஞ்சது மூண்டும் துணி மாதிரி மடியும், தூள் தூளாக் கொட்டும், பிறகு அம்மா கிணத்தடியில செருப்பில்லாம நடக்கேலாது. வயரையும் கேட்டவர். என்ன செய்வீங்கள் எண்டு கேட்டா "எரிச்சுச் செம்பு எடுக்கிறது தானே" எண்டு சாதாரணமாச் சொல்லுறார். அவரில கோவிச்சுப் பிரயோசனம் இல்லை, அவற்ற பிழைப்பு அது. ஆனா பனலின்ர பின்பக்கத் தாளையும் அப்பிடி எரிச்சா கதை வேற, கனக்கப் பனலில அது புளோரின் கலந்த பிளாஸ்ரிக், எரிஞ்சா வாற புகை நெஞ்சை அரிக்கிற நஞ்சு. வளவுக்குள்ள குப்பையோட சேத்துக் கொழுத்துற பழக்கம் எங்கட சனத்திட்ட இருக்கிறபடியால இதை ஒருக்கா அழுத்திச் சொல்லுறன்.

இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு ஒரு விசயம். பனலுக்குள்ள வெள்ளி இருக்காம், கஸ்தூரியார் றோட்டு நகைக்கடையளில குடுத்தா காசாம் எண்டு என்ர மச்சான் ஒருத்தன் வட்ஸ்அப்பில அனுப்பி ஒரே கரைச்சல். வெள்ளி இருக்கிறது உண்மை தான். சாதாரண சிலிக்கன் பனல் ஒண்டின்ர பாரத்தில நூற்றுக்கு 75 அளவு கண்ணாடி, 10 அளவு பிளாஸ்ரிக், 8 அளவு அலுமினியம், 5 அளவு சிலிக்கன், 1 அளவு செம்பு, வெள்ளி நூற்றுக்கு ஒண்டில பத்திலொரு பங்கு கூட வராது. எங்கட பனல் ஒண்டு 18 கிலோ, அதுக்குள்ள இருக்கிற அந்தச் சில கிராம் வெள்ளியை எடுக்கோணும் எண்டா முதல்ல கண்ணாடிக்கும் செல்லுக்கும் (கரண்ட் தாற சிலிக்கன் தகடு) நடுவில இருக்கிற பசை மாதிரிப் பிளாஸ்ரிக்கைச் சூட்டிலயோ சூடான கத்தியாலயோ பிரிக்கோணும், பிறகு நைத்திரிக் அமிலத்தில போட்டுக் கரைக்கோணும். ஐரோப்பாவில செய்யினம், 2012இலயே சட்டம் கொண்டு வந்திட்டினம், பனல் விக்கிறவையே பழசையும் பொறுப்பெடுக்கோணும் எண்டு. பிரான்சில ரூசே எண்ட இடத்தில 2018இல இதுக்கெண்டே ஒரு தொழிற்சாலையும் திறந்தவை. இந்தியா கூட 2022இல போட்ட மின்னணுக் கழிவு விதிக்குள்ள சோலர் பனலையும் சேத்திட்டுது. மச்சான் அதைக் கிணத்தடியில அசிற் வாளியோட செய்யலாம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்.

வெள்ளியை விட எனக்கு யோசினை ஈயம் தான். செல்லுகளைத் தொடுக்கிற பற்றாசில, அதான் சோல்டரில, ஈயம் இருக்கு, பனலுக்குச் சில கிராம். முழுப் பனலில அது கண்ணாடிக்குள்ள பூட்டிக் கிடக்கும், ஒண்டும் செய்யாது, உடைஞ்சு மழையில வருசக்கணக்கில கிடந்தா தான் வெளிக்கிடப் பாக்கும். வேற ஊரெண்டா நானும் பெரிசா எடுத்திருக்க மாட்டன், ஆனா எங்கட காலுக்குக் கீழ இருக்கிறது சுண்ணக்கல், நிலத்தில ஊத்துறது எல்லாம் வடிகட்டாமலே கிணத்துக்குப் போற மண், ஆறு குளமெண்டு நம்பி இருக்க எங்களுக்கு ஒண்டும் இல்லை, குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் அந்த ஒரே தண்ணி. சுன்னாகத்தில கிணறுகளில ஒயில் மிதந்த காலத்தில தண்ணிப் பவுசருக்குக் காத்துக்கொண்டு நிண்ட சனத்தைப் பாத்தவை இதை லேசா எடுக்க மாட்டினம். அதாலை கல்லுண்டாய்க் குப்பைமேட்டுப் பக்கம் கொண்டு போய்க் கொட்டு எண்டு சொன்ன ரெண்டு பேரின்ர கதையையும் கேக்கேல்ல.

கடைசியா வீட்டு வயரிங் செய்யிற கூட்டாளி ஒருத்தன் தான் இந்த இடத்தைச் சொன்னவன். டவுனுக்கு வெளிய, முன்னுக்கு மோட்டர் சுத்திற கடை, பின்னுக்கு நீட்டு ரின் சீற் கொட்டில். கடைப் பேர்ப் பலகை கூட ஒழுங்கா இல்லை, நான் ரெண்டு தரம் தாண்டிப் போனனான். நடத்துற அண்ணைக்கு ஐம்பது வயசிருக்கும், கதை குறைவு, கேட்டதுக்கு மட்டும் பதில். நான் போட்டோ காட்டினோடன கேட்ட முதல் கேள்வி "லேபிள் இருக்கோ". பனலின்ர பின்பக்கத்தில ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கர், வோல்ற்றும் அம்பியரும் வருசமும் எல்லாம் அதில தான். அது உரிஞ்சு போனா விலை பாதி எண்டார். ஆகவே உங்கட பனல் கூரையில இருக்கேக்கயே அந்த ஸ்ரிக்கரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கோ.

ஏத்திக்கொண்டு போக அவரே பட்டா எண்ட சின்ன லொறி அனுப்பினவர், 2,500 ரூபா. செவ்வாய்க்கிழமை வாறதெண்டு சொல்லிச் சனிக்கிழமை வந்தது, இடையில எடுத்த நாலு கோலுக்கும் பதில் இல்லை. அதை விட்டாலும் வந்த றைவர் பெடியன் பனலை ஒண்டுக்கு மேல ஒண்டாப் படுக்கப் போட்டு அடுக்கத் தொடங்கினான், இடையில ஒரு காட்போட் மட்டை கூட இல்லை. பனலை நிமித்தித் தான் வைக்கோணும் எண்டு நான் படிச்சிருந்தனான், சொன்னன், "இது எங்களுக்குத் தெரியாதே அண்ணை" எண்டுபோட்டுக் கயித்தை இறுக்கினான். கடையில இறக்கேக்க நல்ல பனல் ஒண்டின்ர பின்பக்கம் மற்றதின்ர பிரேம் மூலை கீறி ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. அதுக்கு 1,000 ரூபா கழிக்கோணும் எண்டு அண்ணை சொன்னவர், உங்கட பெடியன் கீறினதுக்கு நான் ஏன் கட்டுவான் எண்டு கேட்டன், அவர் கொஞ்ச நேரம் பேசாம நிண்டுபோட்டு ஐஞ்ஞூறு கழிச்சார். அரைவாசி நியாயம். இதுக்கு ஒரு மார்க் போச்சு.

அடுத்த குறை சிரிப்பு. பனல் ரெஸ்ற் பண்ண நல்ல வெயில் வேணும், மத்தியானம் 12க்கும் ரெண்டுக்கும் இடையில தான் சரியான நேரம். கடை சாப்பாட்டுக்குப் பூட்டுறதும் சரியா 12க்கும் ரெண்டுக்கும் இடையில. நான் கொட்டில் வாசலில வேப்பமரத்துக்குக் கீழ குந்தி இருந்து, ரெண்டரைக்கு அவர் பல்லுக் குத்திக்கொண்டு வந்து, "மப்புப் போட்டிட்டுது, நாளைக்குப் பாப்பம்" எண்டார். அடுத்த நாள் சாப்பாட்டை விட்டிட்டு நிண்டு பாத்தார், அதையும் சொல்லோணும்.

ரெஸ்ற் பண்ணின விதம் தான் எனக்கு உண்மையிலயே பிடிச்சது. சும்மா மீற்றரை வைச்சு வோல்ற் பாத்துப்போட்டு "நல்லம்" எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர், வோல்ற் மட்டும் பாத்து ஒண்டும் விளங்காது, அரைவாசி செத்த பனலும் வோல்ற் காட்டும். இவர் ஒவ்வொண்டையும் வெயிலுக்கு நேரா ஒரே சாய்வில நிமித்தி, வோல்ற் பாத்து, பிறகு அம்பியர் பாத்து, லேபிளோட ஒப்பிட்டுச் சோக்கட்டியால கண்ணாடியிலயே எழுதினார். பிறகு சூடு பாக்கிற, துவக்கு மாதிரி ஒரு சின்ன மீற்றரை ஒவ்வொரு செல்லாப் பிடிச்சுக்கொண்டு போனார், ஒரு செல் மட்டும் மற்றதுகளை விடச் சரியான சூடெண்டா அந்த இடம் ஒரு நாளைக்குக் கருகுமாம். கடைசியா மெகர் எண்ட மீற்றரைப் போட்டுக் கரண்ட் பிரேமுக்குக் கசியுதோ எண்டு பாத்தவர். அந்தப் பின்தாள் வெடிச்ச மூண்டும் வோல்ற்றும் அம்பியரும் ஓரளவு நல்லாக் காட்டினது, மெகரில விழுந்திட்டுது. "இதை நான் வித்தா நாளைக்கு ஆரோ தோட்டத்தில ஈரக் காலோட நிண்டு பிடிப்பான் தம்பி" எண்டுபோட்டு ஒதுக்கி வைச்சார். அந்த மூண்டையும் அவர் நல்லதெண்டு சொல்லி வித்திருக்கலாம், எனக்கும் கூடக் காசு வந்திருக்கும், ஆருக்கும் தெரிஞ்சும் இராது. நான் மேல சொன்ன மூண்டு மார்க் இதுக்குத் தான்.

மிச்சம் ஆறும் தேறினது. பத்து வருசம் தாண்டியும் லேபிளில போட்டதில நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கிட்ட அம்பியர் தருது எண்டார், எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சலாவும் இருந்தது, இதுகளைக் கழட்டாமலே விட்டிருக்கலாமோ எண்டு. புதுசு போட்ட கொம்பனி "எல்லாம் முடிஞ்சுது அண்ணை, மாத்தத்தான் வேணும்" எண்டு சொன்னதை ஒரு மீற்றரும் வைக்காம நம்பினது நான் தானே. ஒண்டு ரெண்டு உடைஞ்சதுக்காக முழுசையும் மாத்தச் சொல்லுற இடத்தில முதல்ல வெளி ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டு ரெஸ்ற் பண்ணிப் பாருங்கோ.

காசுக் கதை. நல்லது ஆறும் ஒண்டு 3,500 படி 21,000. மெகரில விழுந்த மூண்டுக்கும் பிரேம் விலை மட்டும், மூண்டுக்குமா 2,100. உடைஞ்ச மூண்டுக்கும் அவர் காசு தரேல்ல, என்னட்ட கேட்டவர், ஒண்டுக்கு 1,000. எனக்கு ஏறினது. பிரேம் இருக்கு, செம்பு இருக்கு, அதை எடுத்துக்கொண்டு நானும் காசு தாறதோ எண்டன். அவர் ஆறுதலாக் கொட்டிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். உடைஞ்ச பனல் எல்லாம் பிரேமோடயே, பலகைத் தட்டில நிமித்தி, படங்கு சுத்தி, வயர் முனைக்கு ரேப் ஒட்டி, நிலத்தில படாம வைச்சிருக்கு. கண்ணாடியை எடுக்க யாழ்ப்பாணத்தில ஆளில்லை, இதுகள் சேர்ந்த பிறகு லொறியில தெற்குக்குப் போகோணும், அங்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின்ர அனுமதி வைச்சிருக்கிற மின்னணுக் கழிவு எடுக்கிற ஆக்களுக்குக் குடுக்கிறாராம், அவை பாரத்துக்குக் காசு கேப்பினம், லொறிக் கூலி வேற. அவருக்குத் தெரிஞ்சு கண்ணாடியையும் சிலிக்கனையும் முழுசாப் பிரிக்கிற மெசின் நாட்டில இல்லையாம், பிரேம், வயர், பின்பக்கப் பெட்டி மூண்டையும் இங்க எடுப்பினம், மிச்சத்தைச் சேத்து வைப்பினம், இல்லாட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவினம். அனுமதிப் பத்திரத்தின்ர கொப்பியைக் கேட்டன், போனில காட்டினவர், திகதி முடியேல்ல. கடைசியா உடைஞ்சதுக்கு ஒண்டு 500 எண்டு இறங்கினார், கூட்டிக் கழிச்சுக் கையில வந்தது 18,600. பழைய இரும்புக்காரர் தாறதெண்ட ஏழாயிரத்தை விட நல்லம், கண்ணாடியும் என்ர வளவில இல்லை.

அந்த நல்லது ஆறும் எங்க போகுதெண்டும் கேட்டன். தோட்டத்துப் பம்புக்கு, கோழிக்கூட்டு லைற்றுக்கு, கடற்கரை மீன் வாடிகளுக்கு. மின்சார சபை லைனோட சேக்கிற வேலைக்குப் பழசு விக்கிறேல்லை எண்டு மட்டையில எழுதி வைச்சிருக்கிறார், வாங்குறவருக்கு ஒரு மாதம் மாத்தித் தாற உத்தரவாதமும் குடுக்கிறார். நான் நிக்கேக்க வெங்காயத் தோட்டக்காரர் ஒருத்தர் வந்து ரெண்டு பனலைத் தடவித் தடவிப் பாத்துக்கொண்டு நிண்டவர், உப்புக்காத்துப் பட்டதோ எண்டு தான் அவற்ற ஒரே கேள்வி, ஏனெண்டா கரையோரத்தில இருந்து வாற பனலில பிரேம் மூலையும் பெட்டியும் அரிச்சுப் போயிருக்கும், அண்ணை அதுகளைத் தனிய வைச்சு விலையும் குறைச்சுத் தான் போட்டிருக்கிறார்.

பழைய இன்வேட்டரையும் எடுத்தவர், காசு ஒண்டும் இல்லை, சும்மா. பற்றரி இருந்தா மட்டும் தாங்களே வித்துப்போடுங்கோ எண்டார், ஈயப் பற்றரிக்கு எங்கயும் விலை இருக்கு. அவரின்ர தலையிடி வேற, 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் சனம் அவதிப்பட்டு வாங்கின மலிவு லித்தியம் பற்றரியள் இப்ப ஒவ்வொண்டா ஊதிக்கொண்டு வருதாம், அதை எடுக்க அவருக்கே பயம், திருப்பி அனுப்புறார். அது அவற்ற பிழை இல்லை, ஆனா பற்றரியோட போறவை முதல்ல கோல் எடுத்துக் கேட்டுப்போட்டுப் போங்கோ, கோலை அவர் எடுத்தா.

இன்னொரு குறை, காசு கையில மட்டும், பாங்கில போடுறது இல்லை, கையெழுத்துப் போட்ட துண்டு தந்தவர், அதில எத்தினை பனல் எண்டு மட்டும் இருக்கு, சீரியல் நம்பர் இல்லை. 2016இல சூரியபல சங்கிராமய எண்டு கூரைச் சோலர்த் திட்டத்தை அரசாங்கம் தொடங்கின பிறகு எத்தினை கூரையில ஏறினது, இப்ப நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் இந்திய உதவியில சோலரும் காத்தாடியும் வாறதுக்கு 2024இல ஒப்பந்தம் போட்டாச்சு, அதெல்லாம் இறங்கிற காலத்தில தீவில இருந்து வள்ளத்தில ஏத்தி வந்து இந்த ஒரு கொட்டிலில அடுக்கேலுமே? அண்ணையிட்ட கேட்டன். "அதுக்குள்ள நான் செத்துப்போடுவன் தம்பி" எண்டார்.

போறதெண்டா ஞாயிறு பூட்டு, மழை நாளில போகாதேங்கோ, காட்போட் மட்டையை நீங்களே கொண்டு போங்கோ, றைவரை நம்ப வேண்டாம். உடைஞ்ச மூண்டும் தெற்குக்குப் போய்ச் சேர்ந்ததுக்கு ஒரு கடிதம் எடுத்துத் தாறதெண்டு சொன்னவர், ரெண்டு மாதமாச்சு, இன்னும் லொறி நிறையேல்லையாம். போன கிழமை போய்ப் பாத்தன், என்ர மூண்டும் அதே படங்குக்குள்ள அப்பிடியே நிக்குது, நான் சோக்கட்டியால போட்ட அடையாளமும் அழியேல்ல. கடிதம் வந்தா இதுக்குக் கீழயே எழுதி விடுறன், அப்ப நாலு மார்க் ஆக்கலாம்.